சீனியும் சுக்கும்

"வாலு இன்னும் இடது காலில்தான் முதலில் செருப்பு மாட்டுகிறாளா?"

பேக்கரியின் பின்னறையில், டீ குடிக்கிற நேரத்தில், மாவு படிந்த ஸ்டூலில் உட்கார்ந்து போனைத் திறந்தவளின் கண்ணில் பட்டது அந்தப் பின்னூட்டம். எழுதியவர் பெயர் 'பழைய நண்பன்'. பார்த்தால் யாரோ அன்பாக விசாரிப்பதுபோலத்தான் இருந்தது. அவளோ போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மகளுக்கு 'வாலு' என்று பெயர் வைத்து, அவள் செய்கிற சேட்டைகளைப் பற்றித் தன் வலைப்பூவில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். செருப்புச் சமாசாரத்தை மட்டும் எழுதியதே இல்லை. அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருத்தி அவள். இன்னொருவன் வாலுவின் அப்பா.

டீ ஆறி ஆடை கட்டியது.

வலைப்பூவில் அவளுக்குப் பெயர் சீனி. கேக்குகளின் மேல் கிரீமால் பூவும் இலையும் போட்டு, முன்பின் தெரியாதவர்களின் பெயர்களை எழுதித் தருகிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. நாமும் அப்படியே கூப்பிடலாம். வலைப்பூவின் பெயர் 'பூட்டியாச்சா?'. அவளை உள்ளே வைத்துக் கதவை வெளிப்பக்கமாகப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவனோடு குடித்தனம் நடத்தியவள் அவள். ஒருநாள் அவன் அவளுடைய வலது மணிக்கட்டை உடைத்தான். கட்டுப் பிரித்த கையோடு மகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். அவன் இவர்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஊர் மாறினாள், வேலை மாறினாள். பயம் மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. புது வீட்டில் கதவை உள்ளிருந்து பூட்டுவாள். பூட்டியாச்சா என்று இழுத்துப் பார்ப்பாள். சமையலறைக்குப் போய்விட்டு, அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு ஓடிவந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாள். முதல் பதிவில் அதைத்தான் எழுதினாள். எவர் வாசிக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் எழுதியது.

வாசித்தார்கள். 'நானும் அப்படித்தான். உனக்குப் பூட்டு, எனக்கு கேஸ் அடுப்பு' என்று எங்கிருந்தோ ஒருத்தி எழுதினாள். பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் அவளை எல்லோரும் டீச்சரம்மா என்றார்கள். 'வெண்டைக்காய்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு ஆண் நர்ஸ், 'பூட்டைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் சகோதரி. எழுந்து போகாமல் உட்கார்ந்த இடத்திலேயே பயப்படலாம்' என்று யோசனை சொன்னார். சீனி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்களோ என்று ஒரு கணம் திடுக்கிட்டாள்.

அப்புறம் சுக்கு. சுக்கு நீட்டி எழுதமாட்டாள். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ஒரே வரி: 'வாசிச்சேன். உனக்காக வேண்டிக்கிட்டேன்.' சீனிக்கு முதலில் எரிச்சலாக வந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் அவள் வேண்டாத வேண்டுதல் இல்லை. எந்தக் கதவும் திறக்கவில்லை. 'எனக்காக யாரும் வேண்ட வேண்டாம். கடவுளுக்கு என் விலாசம் தெரியாது' என்று வெடுக்கென்று பதில் போட்டாள். சுக்கு அசரவில்லை. 'விலாசம் எதுக்கு? சீனின்னு சொன்னா அவருக்குப் புரியும். நீ நம்பாட்டி பரவாயில்ல. உன் பங்குக்கும் சேர்த்து நானே நம்பிக்கிறேன்.'

அந்த வரியைச் சீனி எத்தனை தடவை வாசித்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. தன் பங்குக்கும் சேர்த்து யாரோ எங்கேயோ நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது, நம்பாதவளுக்கும் போர்த்திக்கொள்ளக் கிடைத்த கம்பளிபோல இருந்தது.

இப்போது அந்தக் கம்பளிக்குள் பாம்பு புகுந்துவிட்டது.

பின்னூட்டத்தை அழித்தாள். மறுநாள் இன்னொன்று வந்தது. 'அழிச்சிட்டா ஆச்சா? கேக் எல்லாம் ரொம்ப அழகு. நேரில் வந்து பார்க்கணும்.' தான் போட்ட படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஒரு சாக்லேட் கேக்குக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், மடித்து வைத்த அட்டைப்பெட்டி ஒன்று எட்டிப் பார்த்தது. அதில் ஒரு சிவப்பு வாத்தின் வால். பேக்கரியின் முத்திரை அது. ஊர்ப் பெயர், தெருப் பெயர், கடைப் பெயர் எல்லாவற்றையும் பொத்திப் பொத்தி வைத்தவள், ஒரு வாத்தின் வாலை மறைக்க மறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எழுதுவது நின்றுபோனது. எழுதாததைவிடக் கொடுமை, வாசித்தவர்கள் எல்லோர்மீதும் சந்தேகம் வந்ததுதான். டீச்சரம்மா நிஜமாகவே டீச்சர்தானா? வெண்டைக்காயின் சிரிப்புக்குப் பின்னால் யார்? 'வாலு எந்த வகுப்புல படிக்கிறா?' என்று சுக்கு ஒருமுறை கேட்டது ஞாபகம் வந்தது. அந்தச் சுக்கே அவனாக இருந்தால்? இத்தனை நாளும் 'வேண்டிக்கிட்டேன்' என்று எழுதியது அவன் விரல்களாக இருந்தால்? நினைத்தவுடன் எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள்.

'என்ன, ஆளையே காணோம்?' என்று சுக்குவின் மின்னஞ்சல் வந்தபோது, சீனி இரண்டே சொல்லில் பதில் எழுதினாள்: 'நீ யாரு?'

பதிலாக ஒரு தொலைபேசி எண் வந்தது. 'பேசு. நம்பிக்கை வரலன்னா வச்சிடு.'

தன் எண் போகக்கூடாது என்று, வேறொரு தெருப் பெட்டிக்கடைப் போனிலிருந்து பேசினாள். எதிர்முனையில் எஞ்சின் உறுமல். அதற்கு மேலே மணலை அரைப்பதுபோல் கரகரத்த ஒரு பெண் குரல்.

"யாரு, சீனியா? இரு இரு, வண்டியை ஓரங்கட்டறேன்."

நரைத்த தலையும் பூஜையறையுமாக ஒரு அம்மாளை மனசில் வைத்திருந்தாள் சீனி. "என்ன வண்டி?" என்றாள் குழப்பத்தோடு.

"இழுவை வண்டி. நெடுஞ்சாலையில எவனாவது வண்டி படுத்துக்கிட்டா கொக்கி மாட்டி இழுத்துட்டுப் போவேன். அதான் என் பொழப்பு. என்னம்மா ஆச்சு உனக்கு?"

சீனி சொன்னாள். கடைசியில், "நீங்க அவன் பேச வச்ச ஆளா இருந்தா நான் என்ன பண்றது?" என்று கேட்டே விட்டாள்.

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தாள். சுக்கு கோபித்துக்கொள்ளவில்லை.

"இருக்கலாமே. உனக்கு எப்படித் தெரியும்? அதனால எங்கிட்ட ஊரு சொல்லாத, கடை சொல்லாத. எதையும் அழிக்காத, எல்லாத்தையும் படம் எடுத்து வை. உன் கண்ணால பார்த்துப் பழகின ஒரு ஆளுகிட்டப் போய் இன்னிக்கே, இப்பவே சொல்லு. யாரு இருக்கா அப்படி?"

"முதலாளியம்மா... ஆனா அவங்க ரொம்பக் கறாரு. வேலையை விட்டே தூக்கிடுவாங்க."

"தூக்கினா தூக்கட்டும். போய்ச் சொல்லு."

தன்னை நம்பாதே என்று சொன்னவளைத்தான் சீனி நம்பினாள்.

முதலாளியம்மா கைகளைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். 'ஐயோ பாவம்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்கதவுக்கு அன்றைக்கே புதுத் தாழ்ப்பாள் போட ஆளைக் கூப்பிட்டார். "இவ்வளவு நாளா சொல்லாம மென்னு முழுங்கிட்டு இருந்திருக்க. என்னைப் பார்த்தா பூதம் மாதிரியா இருக்கு?" என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, கூடவே காவல் நிலையத்துக்கும் வந்தார். அங்கிருந்த பெண் அதிகாரி படங்களைப் பார்த்தாள், நீதிமன்ற உத்தரவைப் பார்த்தாள். "பேரை மறைச்சு எழுதியிருக்கான். அவன்தான்னு நிரூபிக்க நாளாகும். ஆனா அவன் உங்க கடைப் பக்கம் வந்து நின்னாலே போதும். உடனே கூப்பிடுங்க" என்றாள். பள்ளிக்கும் போய், யார் வந்து கேட்டாலும் பிள்ளையை அனுப்பக்கூடாது என்று சொல்லிவைத்தார்கள்.

அதன்பிறகு சீனி தனியாக நடந்ததே இல்லை என்று சொல்லலாம். காலையில் வாலுவைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது டீச்சரம்மா போனில் கூட வருவாள். மாலையில் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் வெண்டைக்காய். "இப்ப எங்க இருக்கீங்க சகோதரி? செருப்புக் கடையா? சரி, இடது பக்கம் பாருங்க, வலது பக்கம் பாருங்க, இப்ப என் மொக்கை ஜோக்கைக் கேளுங்க" என்பார். பகலில் சுக்கு. காதில் மாட்டிய கருவி வழியே அவளுடைய எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, சீனி கேக்கில் ரோஜா பிழிவாள். ஊர்ப் பெயரையும் வாலுவின் பள்ளியையும் இப்போது சுக்குவிடம் சொல்லியிருந்தாள். சுக்கு ஓடும் நெடுஞ்சாலை அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் போயிற்று. அப்படியும் பயம் குறையவில்லை. கடைக்கதவின் மணி அடிக்கும்போதெல்லாம் கிரீம் கோணிக்கொண்டு போகும். சுரண்டிவிட்டு மறுபடி போடுவாள்.

ஒரு மதியம், கடையின் முன்பக்கம் நிற்கும் பெண் திரையை விலக்கித் தலையை நீட்டினாள்.

"அக்கா, வெனிலா கேக் ஒண்ணு. மேல பேரு எழுதணுமாம். பொண்ணுக்கு சர்ப்ரைஸாம். ஆளு நிக்கிறாரு, இருந்து வாங்கிட்டுப் போறாராம்."

"என்ன பேரு?"

அவள் சொன்னாள். வாலுவின் நிஜப் பெயர்.

முன்பக்கத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் கேக்கைத் தள்ளுவதற்கு ஒரு சின்னத் திறப்பு உண்டு. அதன் ஓரமாகக் கண்ணை வைத்துப் பார்த்தாள் சீனி. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி, ஒரு நல்ல தகப்பன் எப்படி இருப்பானோ அப்படி. ஒரு கை பைக்குள் இருந்தது. உள்ளே சாவிகளைக் குலுக்கிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் அவள் முதுகெலும்பில் இறங்கியது.

"என்ன, மூச்சு இப்படி வாங்குது?" என்றாள் காதுக்குள் சுக்கு.

"வந்துட்டான்."

எஞ்சின் சத்தம் சட்டென்று தணிந்தது. "முதலாளியம்மா எங்க?"

அடுப்புக்குப் பக்கத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த முதலாளியம்மா சீனியின் முகத்தைப் பார்த்தார். பார்த்தது போதும். கையைத் துடைத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் காவல் நிலையத்துக்குப் பேசினார். வெளியே வந்து, "வர்றாங்களாம். அதுவரைக்கும் ஆளை விட்டுடாதீங்கன்னு சொல்றாங்க" என்று காதோடு சொன்னார்.

"நான் ஸ்கூலுக்கு ஓடறேன். பின்கதவு வழியா..." சீனி மேலங்கியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள்.

"ஓடாத!" சுக்குவின் குரல் காதைக் கிழித்தது. "நல்லா கேளு. உன்னைப் பயமுறுத்தினா நீ பிள்ளைகிட்ட ஓடுவ, பின்னாலயே வரலாம்னுதான் நிக்கிறான். அவனுக்கு ஸ்கூல் தெரியாது. நீ போய்க் காட்டிக் குடுக்காத. ஸ்கூலுக்கு நான் போறேன். நான் பக்கத்துலதான் இருக்கேன். என் வண்டியை வாசலுக்குக் குறுக்க நிறுத்தினா யானை கூட உள்ள போக முடியாது. நீ அந்தக் கேக்கை எழுது."

"என்னால முடியாது. கை நடுங்குது."

"மெதுவா எழுது. எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா எழுது."

முன்பக்கத்துப் பெண்ணுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெளிறிப் போனாலும் வெளியே போய், "கொஞ்சம் நேரமாகும் சார், கிரீம் இறுகணும்" என்று தெம்பாகவே சொன்னாள்.

சீனி பையில் இளஞ்சிவப்புக் கிரீமை நிரப்பினாள். பாதி மேஜையில் சிந்தியது. உடைந்து சேர்ந்த மணிக்கட்டு உதறிக்கொண்டிருந்தது. முதல் எழுத்து புழுவைப்போல் நெளிந்து விழுந்தது. கத்தியால் வழித்தாள்.

காதுக்குள் சுக்கு பேச ஆரம்பித்திருந்தாள். இவளிடம் அல்ல.

"கடவுளே, நான்தான் சுக்கு. வண்டி ஓட்டிக்கிட்டே பேசறேன், கோச்சுக்காதீங்க. இவ கை நடுங்குது. அதைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. ஒரு கை போதும். இன்னொரு கையால அந்தப் போலீஸ் வண்டியைப் பின்னாலேர்ந்து தள்ளி விடுங்க. அப்படியே எனக்கு முன்னால போற லாரிக்காரனுக்கும் கொஞ்சம் புத்தி குடுங்க, மாடு மாதிரி நடு ரோட்டுல போறான். கடவுளே, இவ தனியா இல்லன்னு இவளுக்குத் தெரியணும். அது போதும். டேய், ஒதுங்குடா! உங்களைச் சொல்லல சாமி."

சீனி பையை மறுபடி எடுத்தாள். கை நடுக்கம் நின்றுவிடவில்லை. ஆனால் நடுங்கும் கையாலும் எழுத முடிந்தது. முதல் எழுத்து வந்தது. அதைச் சுற்றித் தேவையே இல்லாத ஒரு கொடியை வளர்த்தாள். கொடியில் இலைகள் விட்டாள்.

"எழுதறவங்களை நான் பார்க்கலாமா?" என்று முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது. எவ்வளவு காலமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! தேன்போல இருந்தது. அடிப்பதற்கு முன்னால் எப்போதும் அப்படித்தான் இருக்கும். "நேர்ல நன்றி சொல்லணும்."

முதலாளியம்மா போய்த் திரையை மறித்துக்கொண்டு நின்றார். "உள்ள யாருக்கும் அனுமதி இல்லைங்க. சாப்பாட்டுப் பொருள் இருக்கிற இடம். தலைக்குத் தொப்பி போடாம யாரையும் விடமாட்டேன்."

"அப்போ ஒரு தொப்பி குடுங்க. போட்டுக்கிறேன்." சிரித்தான்.

"உங்க தலைக்கு ஏத்த தொப்பி எங்கிட்ட இல்ல."

காலடி ஒன்று முன்னால் வந்தது. சாவிச் சத்தம் நின்றது. சீனி இரண்டாவது எழுத்தின் பாதியில் இருந்தாள். பையை அழுத்த மறந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பூட்டியாச்சா, பூட்டியாச்சா என்று மனசுக்குள் ஏதோ அடித்துக்கொண்டது.

"வாசல்ல வந்து நின்னுட்டேன்" என்றது காதுக்குள் கரகரத்த குரல். "ஸ்கூல் கேட்டை அடைச்சாச்சு. வாட்ச்மேன் என்னைத் திட்டறான், திட்டட்டும். உன் பொண்ணு உள்ள பத்திரமா இருக்கா. கேக்குதா சீனி? பத்திரமா இருக்கா."

அவள் கண்ணைத் திறந்தாள். அதே நேரத்தில் கடைக்கதவின் மணி அடித்தது.

அன்று பேசிய அதே பெண் அதிகாரிதான். கூட இன்னொரு காவலர். அவன் திரும்பி, கொஞ்சமும் பதறாமல், "பெத்த பொண்ணுக்குக் கேக் வாங்க வந்தேன். அது குத்தமா மேடம்?" என்றான்.

"கேக் வாங்கறது குத்தமில்ல. இந்தக் கடையில வந்து வாங்கறதுதான் குத்தம். வாங்க போகலாம்."

கையைப் பிடித்தபோதுதான் அந்தத் தேன் வற்றியது. கத்தினான், உதறினான், கண்ணாடி அலமாரியை ஓங்கி உதைத்தான். கதவருகே போனதும் திரும்பி, அந்தச் சின்னத் திறப்பைப் பார்த்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். சீனி அல்ல, அவளுடைய உண்மையான பெயர். மெதுவாக, வீட்டில் கூப்பிடுவதுபோல.

அவர்கள் போன பிறகு அவள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முன்பக்கத்துப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். முதலாளியம்மா இருவருக்கும் சர்க்கரை அள்ளிப் போட்ட டீயைக் கொடுத்துவிட்டு, அரைகுறையாக எழுதிய அந்தக் கேக்கைத் தூக்கிக் குப்பையில் கொட்டினார்.

பள்ளிக்கு முதலாளியம்மாதான் தன் காரில் கூட்டிப்போனார். வாசலை அடைத்துக்கொண்டு ஆரஞ்சு நிற இழுவை வண்டி நின்றது. வாட்ச்மேன் தொண்டை கட்டிப்போய் ஓய்ந்திருந்தார். வண்டியின் படியில், கன்னத்தில் கிரீஸ் அப்பிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சீனியின் தோளுக்குத்தான் வருவாள்.

"நீங்க... இவ்வளவு குட்டையா?" சீனியின் வாயில் முதலில் வந்தது அதுதான்.

"குரலைக் கேட்டு ஏமாந்துட்டியா? எல்லாரும் அப்படித்தான்." சுக்கு எழுந்தாள். கை கழுவாமல் தொடலாமா என்று தயங்கினாள். சீனியே போய்க் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட பிறகுதான் சுக்குவின் உடம்பும் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"நீங்களும் பயந்தீங்களா?"

"பின்ன? பயமில்லாதவ எதுக்குடி நாள் முழுக்க சாமிகிட்டப் பேசிட்டுத் திரியறா?"

பள்ளி விட்டு வந்த வாலு நடந்தது எதுவும் தெரியாமல், அந்தப் பெரிய கொக்கியைப் பார்த்து வாய் பிளந்தாள். "ஆன்ட்டி, இதுல எங்க ஹெட்மிஸ்டரஸைத் தூக்க முடியுமா?"

உத்தரவை மீறியதற்காக அவனுக்குப் பிற்பாடு சிறைத்தண்டனை கிடைத்தது. அது என்றைக்காவது முடியும். அது சீனிக்குத் தெரியும். அதனால் பூட்டை இழுத்துப் பார்ப்பதை அவள் விடவில்லை. படம் போடுவதை விட்டாள், எழுதுவதை விடவில்லை. சந்தேகப்பட்டதற்கு டீச்சரம்மாவிடமும் வெண்டைக்காயிடமும் மன்னிப்புக் கேட்டாள். 'என்னையே நான் சந்தேகப்படுவேன், நீங்கள் பட்டால் என்ன?' என்று எழுதினார் வெண்டைக்காய்.

ஆனால் சம்பவம் நடந்த மறுநாள் காலையில் இதெல்லாம் தெரியாது. வழக்கு என்னவாகும், அவனை வெளியே விட்டுவிடுவார்களா, எதுவும் தெரியாது. ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. வாலு பாலில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தாள். துணைக்குத் தங்கிய சுக்கு சோபாவில் பூட்ஸ் காலை நீட்டிப் படுத்து, எஞ்சினைப்போலக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் ஏதோ ஒரு காரின் கதவு அறைந்து சாத்தப்பட, சீனி போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

சோபாவுக்குக் கீழே, சுக்குவின் தலைமாட்டில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு கைகளைக் கூப்பினாள். எப்படி ஆரம்பிப்பது என்று வரவில்லை.

"நான்தான்... சீனி" என்றாள் மெல்ல. "சுக்கு சொல்லியிருப்பாங்க."

குறட்டை நின்றது. கண்ணைத் திறக்காமலே சுக்கு தன் முரட்டுக் கையை எடுத்துச் சீனியின் தலைமேல் வைத்தாள்.

"சொல்லியிருக்கேன், சொல்லியிருக்கேன். நீ மேல பேசு."